காது கேமரா: சீழ் வடியும் காதுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

மதுரை மீனாட்சி பஜாரிலும் டவுன்ஹால் ரோட்டிலும் செல்போன் உதிரிபாகம் விற்கும் கடைகளில் காது கேமரா இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. மெல்லிய குழல், நுனியில் ஒரு லென்ஸ், அதைச் சுற்றிக் குட்டி எல்.இ.டி. விளக்குகள், படம் பார்க்கச் செல்போன். இவ்வளவுதான் சாமான். வைஃபையில் இணைவது ஒரு வகை, டைப்-சி ஒயரில் இணைவது இன்னொரு வகை. பெட்டி மேல் போட்டிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறும். உள்ளே இருக்கும் சரக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அதனால் இந்த மதிப்புரை எந்தக் கம்பெனியையும் பற்றியதல்ல, இந்த வகைக் கருவியைப் பற்றியது.

வீட்டில் குறும்பி எடுக்க ஆசைப்படுபவர்களுக்காக இதை எழுதவில்லை. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: வாங்காதீர்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் சிறு கிளினிக் நடத்தும் மருத்துவர்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், பள்ளிக்கூடத்தில் காது முகாம் போடுபவர்கள் ஆகியோருக்குத்தான் இது. வருஷக்கணக்கில் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும் ஆளைப் பார்க்கும்போது இந்தக் கேமரா எதைக் காட்டும், எதை மறைக்கும், எடுத்த படத்தை எப்படிப் பதிவாக்குவது என்பதே இங்கே பேச்சு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பதிவு செய்ய இது நல்ல கருவி. நோயைத் தீர்மானிக்க இது போதாது. காது ஜவ்வின் (செவிப்பறையின்) உச்சிப் பகுதியான ஆட்டிக் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு ‘காது பார்த்தாகிவிட்டது’ என்று யாரும் சீட்டில் எழுதக் கூடாது.

ஏன் என்றால், நாள்பட்ட நடுக்காதுச் சீழ் இரண்டு விதம். ஜவ்வின் நடுவில் ஓட்டை விழுந்து, சளி பிடிக்கும்போதும் தண்ணீர் போகும்போதும் வடிவது ஒன்று. நிறைய வடியும், கோழை மாதிரி இழுபடும், பெரும்பாலும் நாற்றம் இருக்காது. இன்னொன்று ஆட்டிக்கிலோ ஜவ்வின் பின்-மேல் ஓரத்திலோ தொடங்குவது. தோல் உள்ளே சுருங்கிப் பையாகி, செதில் செதிலாகச் சேர்ந்து, பக்கத்து எலும்பை அரிக்கும். கொலஸ்டியேட்டோமா என்பது இதுதான். வடிவது கொஞ்சமாக இருக்கும், ஆனால் நாற்றம் தாங்காது. சில சமயம் ரத்தமும் கலந்து வரும். முதல் வகையில் உயிருக்கு ஆபத்து அரிது. இரண்டாவது வகையோ முகநரம்பு, உள்காது, மூளையுறை வரைக்கும் போகக்கூடியது. சொட்டு மருந்தில் தீராது, அறுவை சிகிச்சைதான் வழி. இரண்டையும் பிரித்துக் காட்டும் இடம் ஆட்டிக். இந்தக் கேமரா மிகச் சுலபமாகத் தவறவிடும் இடமும் அதுவே.

கேமராக் குழலை நேராக நுழைத்தால் திரையில் ஜவ்வின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் பளிச்சென்று வந்துவிடும். பார்ப்பவருக்கு முழு ஜவ்வும் தெரிந்த மாதிரி இருக்கும். ஜவ்வோடு ஒட்டியிருக்கும் சுத்தியல் எலும்பின் குட்டி முனை ஒன்று ஜவ்வின் மேல்பாகத்தில் முன்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே இருக்கும் தளர்ந்த சிறு பகுதிதான் ஆட்டிக் வாசல். அதைப் பார்க்க நோயாளியின் தலையை எதிர்த் தோள்பட்டைப் பக்கம் சாய்க்கச் சொல்லி, கேமரா நுனியை மெல்ல மேல்நோக்கித் திருப்ப வேண்டும். அங்கே பழுப்பு நிறத்தில் காய்ந்த பொருக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் குறும்பி என்று விட்டுவிடாதீர்கள். குறும்பி உற்பத்தியாவது காதுக் குழலின் வெளிப்பகுதியில். ஆட்டிக்கில் உட்கார்ந்திருக்கும் பொருக்குக்கு அடியில் கொலஸ்டியேட்டோமா இருக்கலாம் என்றே எடுத்துக்கொண்டு, காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதை நோண்டிப் பார்ப்பது கிளினிக்கில் செய்யும் வேலை அல்ல.

அடுத்து லென்ஸ். இந்தக் கேமராக்களில் ஃபோகஸ் நிலையானது. பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில்தான் படம் தெளியும். பெரியவர்களின் காதுக் குழல் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஆக, குழலின் வெளிப்பகுதியில், முடி இருக்கும் இடத்திலேயே நுனியை நிறுத்தினால் போதும். படம் மங்கினால் எல்லோரும் இன்னும் உள்ளே தள்ளுகிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு: பின்னால் இழுக்க வேண்டும். எலும்புப் பகுதியில் தோல் மிக மெல்லியது, லேசாகப் பட்டாலே வலிக்கும், ரத்தம் வரும். சிலருக்குக் குழலில் எது பட்டாலும் இருமல் வரும். அங்கே ஓடும் நரம்புக்கிளை அப்படி. இருமும்போது தலை ஆடும். அதனால் கேமராவைப் பிடித்த கையின் சுண்டுவிரல் எப்போதும் நோயாளியின் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும். தலை அசைந்தால் கையும் கூடவே அசையும்.

காது மடலைப் பெரியவர்களுக்கு மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், சின்னக் குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக. அப்போதுதான் வளைந்த குழல் நேராகும். நுனியின் பருமன் 5.5 மில்லிமீட்டர் உள்ள மாடல் குழந்தைகளுக்கு உதவாது. 4 மில்லிமீட்டருக்குள் இருக்கும் மாடலையே வாங்குங்கள்.

வியர்வையும் சீழும் சேர்ந்த சூடான காதுக்குள், ஏ.சி. அறையில் கிடந்த லென்ஸ் போனதும் ஆவி படியும். விளக்கை எரியவிட்டு அரை நிமிஷம் வைத்திருந்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு நுழைத்தால் அந்தத் தொல்லை குறையும். விளக்கை முழு வெளிச்சத்தில் வைப்பதும் தப்பு. நடுக்காதின் உட்பக்கத்தை மூடிய ஈரமான சவ்வில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் வெள்ளைப் புள்ளிகள் படத்தில் செதில் மாதிரி தெரியும். உண்மையான வெள்ளைச் செதில் அந்தப் பளபளப்பில் மறைந்தும் போகும். வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். இடம் மாறினால் அது பிரதிபலிப்பு. மாறாமல் இருந்தால் செதில். நிறத்தையும் நம்ப வேண்டாம். கேமரா தானாகவே வண்ணத்தைச் சரிசெய்துகொள்ளும். போன தடவை சிவப்பாக இருந்த சவ்வு இந்தத் தடவை வெளிறியிருப்பதற்குக் காரணம் மருந்தா, கேமராவா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் படம் எடுத்து வைத்தால் ஓரளவு ஒப்பிடலாம்.

பெரிய குறை ஆழம் தெரியாதது. ஒற்றைக் கண் பார்வைதானே. உள்ளே சுருங்கி ஒட்டிக்கொண்ட ஜவ்வும் ஓட்டை விழுந்த ஜவ்வும் திரையில் ஒன்றுபோலத் தோன்றும். காற்றை அழுத்தி ஜவ்வு அசைகிறதா என்று பார்க்கும் வசதி இதில் இல்லை. சீகில் ஸ்பெக்குலம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஜவ்வுக்குப் பின்னால் ஓட்டையில்லாமல் நீர் கோத்திருக்கும் குழந்தைகளை இந்தக் கேமரா ‘நார்மல்’ என்று அனுப்பிவிடும் அபாயம் நிறைய இருக்கிறது. பள்ளி முகாம் போடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்; அந்தக் குழந்தைகளுக்கு, காற்றழுத்தத்தை மாற்றி ஜவ்வின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனை வேண்டும்.

சரி, எப்படிப் பயன்படுத்தினால் இது பலன் தரும்? காதுக்குள் போவதற்கு முன் காதுக்குப் பின்னால் பாருங்கள். பழைய ஆபரேஷன் தழும்பு, வீக்கம், மாஸ்டாய்டு எலும்பை அழுத்தினால் வலி. முகம் ஒரு பக்கம் கோணியிருக்கிறதா, தலைசுற்றல், கடுமையான தலைவலி, வாந்தி, காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். தழும்பைத் தவிர இவற்றில் ஒன்று இருந்தாலும் படமெல்லாம் அப்புறம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய ஆள் அவர். சர்க்கரை நோயுள்ள வயதானவர் ராத்திரி தூங்க முடியாத காதுவலியோடு வந்து, காதுக் குழலின் தரைப்பகுதியில் சதை வளர்ந்திருந்தால் அதுவும் அவசரம்தான். அது நடுக்காதுச் சீழ் அல்ல, எலும்புக்குள் பரவும் வேறு தொற்று.

நல்ல காதை முதலில் எடுங்கள், சீழ்க் காதை அப்புறம். வரிசை மாறினால் சீழ் நல்ல காதுக்குப் போகும். சீழ்க் காதில் துடைக்கும் முன் ஒரு படம். அதன் பிறகு துடைப்பது. சுத்தமான உறிஞ்சு பஞ்சைத் திரியாகத் திரித்து, காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துப் புதுத் திரி வைத்து, திரி உலர்ந்து வெளியே வரும் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈர்க்குச்சி, தீக்குச்சி, கோழி இறகு, பட்ஸ் எதுவும் கூடாது. துடைத்த பின் முழு ஜவ்வுக்கு ஒரு படம், ஆட்டிக்குக்குத் தனியாக ஒரு படம். துடைக்காமல் எடுத்த படத்தை மட்டும் வைத்து எழுதப்படும் குறிப்பு எதற்கும் பயன்படாது. சீழ்க்குளத்தைத்தான் பார்த்திருப்பீர்கள், ஜவ்வை அல்ல. காதுக் குழலை அடைத்துக்கொண்டு சிவப்பாகச் சதை தொங்கினால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். அதன் வேர் நடுக்காதின் குட்டி எலும்பான அங்கவடியிலோ முகநரம்பிலோ இருக்கலாம்.

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், இந்தக் கருவி தன் காசுக்கு வேலை செய்யும் இடம் மறுபார்வை. சிகிச்சை பலிக்கிறதா என்பதை நோயாளிக்கே திரையில் காட்டலாம்; அதைப் பார்த்த பிறகு மருந்தை ஒழுங்காகப் போடுபவர்கள் அதிகம். ஜவ்வின் நடுவில் ஓட்டை விழுந்த முதல் வகைக்கு வழக்கமான சிகிச்சை, தினமும் 3 வேளை திரியால் உலர்த்தி, குயினோலோன் வகை ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து, உதாரணமாக 0.3 சதவீத சிப்ரோஃப்ளாக்சசின், இரண்டு வாரம். உலர்த்தாமல் ஊற்றினால் மருந்து சீழின் மேல் மிதந்து வெளியே வந்துவிடும். புட்டியை உள்ளங்கையில் சில நிமிஷம் பொத்தி வைத்துச் சூடேற்றிய பிறகே விட வேண்டும். ஜில்லென்று விட்டால் தலைசுற்றும். ஒருக்களித்துப் படுத்து, சொட்டு விட்டு, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பை நாலைந்து தடவை அழுத்தி விட வேண்டும். அப்போதுதான் ஓட்டை வழியாக மருந்து நடுக்காதுக்குப் போகும். தொண்டையில் கசந்தால் பயப்பட வேண்டாம், மருந்து போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மறுநாளே நிறுத்திவிடுவார்கள்.

ஜவ்வில் ஓட்டை இருக்கும்போது ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகளைத் தவிர்ப்பது நல்லது; அவை உள்காதைக் கெடுக்கக்கூடியவை. மருந்துக்கடையில் ‘காதுவலி’ என்றதும் எடுத்துக் கொடுக்கும் குறும்பி கரைக்கும் சொட்டும், வீட்டில் பூண்டு போட்டுக் காய்ச்சும் எண்ணெயும் ஓட்டைக் காதுக்குள் போகவே கூடாது.

இரண்டு வாரம் கழித்தும் வடிந்தால் முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், நனைந்த செய்தித்தாள் மாதிரி கசடும் மேலே கறுப்புப் புள்ளிகளும் தெரிந்தால் பூஞ்சை. ஆன்டிபயாடிக் சொட்டை மாதக்கணக்கில் விட்ட காதில் இது சகஜம். அரிப்பு அதிகமாக இருக்கும். அந்தச் சொட்டை நிறுத்தி, காதைச் சுத்தம் செய்து, பூஞ்சைக்கான மருந்துக்கு மாற்ற வேண்டும். பூஞ்சை இல்லையென்றால் ஆட்டிக்கை மறுபடியும் தேடுங்கள். எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழை கல்ச்சருக்கு அனுப்புங்கள், சூடோமோனாஸ் என்ற கிருமி மருந்துக்கு மசியாததாக இருக்கலாம். ஜவ்வில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டை, வெளிறிய சதை, வலியே இல்லாத சீழ், ஓட்டையின் அளவுக்குப் பொருந்தாத காது மந்தம், இவை சேர்ந்து வந்தால் காசநோயையும் நினைக்க வேண்டும்.

தண்ணீர்தான் தீராத எதிரி. பம்புசெட்டிலும் கண்மாயிலும் முங்கிக் குளிப்பது, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பீய்ச்சும் தண்ணீர், எல்லாமே ஆறி வரும் காதை மறுபடி வடிய வைக்கும். தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிய பஞ்சை, உள்ளே தள்ளாமல் காதுத் துளையில் வைத்துத் தலைக்கு ஊற்றச் சொல்லுங்கள். குளித்ததும் எடுத்துவிட வேண்டும்.

இனிப் பதிவு. கூடவே வரும் ஆப்தான் இந்தச் சாமானில் ஆகமோசமான பகுதி. எல்லாப் படத்தையும் தேதி-நேரத்தைப் பெயராக வைத்து ஒரே ஃபோல்டரில் போடும். வலது எது, இடது எது, யாருடையது என்று சாயங்காலம் பார்த்தால் தெரியாது. இதற்குச் சுலபமான வழி, காதுக்குள் போகும் முன் ஓ.பி. சீட்டில் ‘வலது’ என்று பெரிதாக எழுதி அதே கேமராவில் ஒரு படம் எடுப்பது. இடது காதுக்குப் போகும்போது ‘இடது’. அன்றைக்கே பெயரை மாற்றிவிடுங்கள்: ஓ.பி. எண், தேதி, வலது அல்லது இடது, துடைக்கும் முன் அல்லது பின். தனித்தனியாகப் படம் எடுப்பதைவிடப் பத்து விநாடி வீடியோ எடுத்து அதில் தெளிவான இடத்தைப் பிரித்தெடுப்பது மேல். குழந்தைகள் என்றால் வீடியோதான் ஒரே வழி.

திரையில் எது மேல், எது கீழ் என்பதிலும் ஏமாறலாம். சில மாடல்களில் படத்தை நிமிர்த்தி வைக்கும் ஜைரோ இருக்கிறது. நோயாளி உட்கார்ந்திருந்தால் அது சரியாகக் காட்டும். படுத்திருந்தால் தப்பாகத்தான் காட்டும். ஜைரோவை நம்பாமல் சுத்தியல் எலும்பின் கைப்பிடியைத் தேடுங்கள். அது மேலிருந்து கீழாகவும் பின்னாகவும் சாய்ந்து ஜவ்வின் நடுவில் முடியும். முழு ஜவ்வாக இருந்தால், வெளிச்சம் பட்டுக் கூம்பு வடிவில் பளபளக்கும் ஒளிக்கூம்பு வலது காதில் 5 மணி திசையில், இடது காதில் 7 மணி திசையில். ஆப்பில் கண்ணாடி பிம்பம் போடும் வசதி ஒன்றும் ஒளிந்திருக்கும். அது இயங்கினால் வலது காது இடது காது மாதிரி பதிவாகிவிடும்.

படத்தோடு கட்டாயம் ஒரு வரிக் குறிப்பு வேண்டும். இந்த மாதிரி: ‘வலது காது. நடு ஓட்டை, முன்-கீழ்க் கால்பகுதி, ஜவ்வில் சுமார் 20 சதவீதம், ஓரம் சுற்றிலும் இருக்கிறது. ஆட்டிக் சுத்தம். நடுக்காதுச் சவ்வு ஈரம். நாற்றம் இல்லை. 512 இசைக்கவை: ரின்னி எதிர்மறை, வெபர் வலப்பக்கம்.’ ரின்னி, வெபர் இரண்டும் இசைக்கவையை வைத்துக் கேட்கும் திறனைப் பார்க்கும் சோதனைகள். நாற்றத்தைப் படம் எடுக்க முடியாது, எழுதத்தான் வேண்டும். ஓட்டையின் அளவை மில்லிமீட்டரில் எழுதாதீர்கள். லென்ஸ் நடுவில் இருப்பதைப் பெரிதாகவும் ஓரத்தில் இருப்பதைச் சிறிதாகவும் காட்டும். ஜவ்வில் எத்தனை பங்கு என்று எழுதினால், வேறு தூரத்தில் எடுத்த படத்தோடும் ஒப்பிடலாம். ஆட்டிக் தெரியவில்லையென்றால் ‘ஆட்டிக் தெரியவில்லை’ என்று எழுதுங்கள். வெறுமனே விட்டால் அடுத்து படிப்பவர் சுத்தம் என்று எடுத்துக்கொள்வார்.

கேட்கும் திறனைப் படத்திலிருந்து ஊகிக்கவே கூடாது. சின்ன ஓட்டைக்கு 50 டெசிபெல் இழப்பு வந்தால் உள்ளே எலும்புச் சங்கிலி அறுந்திருக்கலாம். மாறாக, கொலஸ்டியேட்டோமா அறுந்த எலும்புகளுக்கு நடுவில் பாலமாக நின்று ஒலியைக் கடத்தும்போது காது நன்றாகவே கேட்கும். ‘நல்லாக் கேட்குதே’ என்று விட்டுவிட்டால் ஆபத்து. ஆகவே கேட்கும் திறனை அளந்து காட்டும் ஆடியோகிராம் இல்லாமல் பதிவு முழுமையாகாது.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி ஆட்டிக் பொருக்கு அழிந்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். படத்தில் நோயாளியின் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும் போதும். போன் தானாக இணையத்தில் ஏற்றும் பேக்அப்பை நிறுத்தி வையுங்கள். கேமரா ஆப் தொடர்பு எண்கள், இருப்பிடம் என்று கேட்கும் அனுமதிகளை மறுத்தாலும் பெரும்பாலும் படம் வரும். நோயாளி கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் பழைய ஆடியோகிராமையும் கொடுத்தனுப்பினால் அலைச்சல் குறையும்.

சுத்தம் செய்வதில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் புகாது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது நுனிக்கு மட்டும். முழுதாக எந்தக் கிருமிநாசினியிலும் முக்க முடியாது. அதனால் ஒவ்வொரு காதுக்கும் புது உறை போட்டு, எடுத்ததும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்து, தானாகக் காய விட வேண்டும். நுனிக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் சீழ் தங்கும், அங்கே கவனம் தேவை. ரத்தம் வடியும் காதுக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். கூடவே வரும் பிளாஸ்டிக் குறும்பிக் கரண்டிகளை வாங்கிய அன்றே குப்பையில் போடுங்கள். ஓட்டைக் காதில் அது கழன்று விழுந்தால் எடுக்க ஆபரேஷன் தியேட்டர்தான்.

வசதி இருக்கும் கிளினிக்குக்கு 4 மில்லிமீட்டர், 0 டிகிரி எண்டோஸ்கோப்பைச் செல்போனில் மாட்டும் அடாப்டரோடு வாங்குவதே சிறந்தது. படத்தின் தரம் வேறு, கிருமிநீக்கமும் முறையாகச் செய்யலாம். ஆனால் விலை பல மடங்கு, கனமும் அதிகம், பழக்கமும் வேண்டும். இரண்டில் எது இருந்தாலும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் உறிஞ்சிச் சுத்தம் செய்து பார்ப்பதற்கு மாற்று கிடையாது.

காது கேமராவே போதும் என்றால் டைப்-சி ஒயர் மாடலை வாங்குங்கள். வைஃபை மாடல் போனின் இணையத்தைப் பிடித்துக்கொள்ளும். இணையம் இல்லை என்று போன் நடுவிலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவி, நுனி காதுக்குள் இருக்கும்போதே திரை உறைந்து நிற்கும். வைஃபைதான் கையில் இருக்கிறது என்றால் டேட்டாவை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஒயர் மாடலுக்கு உங்கள் போன் ஓ.டி.ஜி. (வெளிக்கருவியை ஒயரில் இணைக்கும் வசதி) ஏற்குமா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். சில போன்களில் செட்டிங்கில் போய் அதை இயக்க வேண்டும்.

காசு கொடுக்கும் முன் கல்லாவிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. மாத்திரை அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தை ஒன்றரை சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் படியுங்கள். நடுவில் மட்டுமல்ல, ஓரத்திலும் எழுத்து தெரிய வேண்டும். எழுத்து தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரிந்தால் அந்த ஆப்பில் பிம்பத்தைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷம் விளக்கை எரியவிட்டு நுனியை மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், சுட்டால் வேண்டாம். கடைசியாக, ஒரு படம் எடுத்து அதன் பெயரை மாற்றி, ஆப்பை மூடிவிட்டு, போன் கேலரியில் அந்தப் படம் தனியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். தன் ஆப்புக்குள் மட்டுமே படத்தைப் பூட்டி வைக்கும் கேமரா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.